அழுகிற பிள்ளையும் பார்க்கிற பிள்ளையும்

(வானகரத்தில் பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வானகரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நெரிசல் வரும். விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்கிற மீன் சந்தை வரும். பத்திரிகை படிப்பவர்களுக்கு இங்கே கூடிய அரசியல் பொதுக்குழு நினைவுக்கு வரும். அந்த வானகரத்தில், மூன்று வயதும் நான்கு வயதுமான பிள்ளைகளின் மனசைப் பற்றிக் கேட்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நெஞ்சு நிறைந்து சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். பக்கத்தில் இருக்கிற பிள்ளை அழுதால், அது நம் பிள்ளைக்குத் தெரிகிறதா? தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்று அதற்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் யார் சொல்லித் தருவது? எப்படிச் சொல்லித் தருவது?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். தெரிகிறது! நாம் நினைப்பதைவிட வெகு சீக்கிரமே தெரிகிறது. பிரசவ வார்டில் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சிசு வீறிட்டால் அடுத்த தொட்டிலும் சேர்ந்து வீறிடும். பிறந்து ஒரு நாளே ஆன குழந்தைகளிடம்கூட இது உண்டு என்பதை 1970-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதை இரக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அழுகை தொற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைப் பாருங்கள். மார்ட்டின் ஹாஃப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு காட்சியைச் சொல்கிறார். அழுகிற தோழனைத் தேற்ற நினைத்த ஒரு குழந்தை, தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்துகிறது. அந்தத் தோழனின் அம்மாவும் அங்கேயேதான் இருக்கிறாள்! தனக்கு எது ஆறுதலோ அதுதான் அவனுக்கும் ஆறுதல் என்று அந்தப் பிஞ்சு நினைக்கிறது. கணக்கு தப்பு. ஆனால் மனசு சரியாக இருக்கிறது.

அந்தக் கணக்கும் சீக்கிரமே சரியாகிவிடுகிறது. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. பெட்டி ரெப்பச்சோலி, அலிசன் கோப்னிக் என்ற இரண்டு பெண்கள் கலிபோர்னியாவில் செய்தது. குழந்தைக்கு முன்னால் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் பிஸ்கட், இன்னொன்றில் பச்சை பிராக்கோலி. குழந்தைக்கு எது பிடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆய்வு செய்கிறவர் பிஸ்கட்டை வாயில் வைத்து ‘உவ்வே’ என்று முகம் சுளிக்கிறார். பிராக்கோலியை வாயில் வைத்து ‘ஆகா’ என்று முகம் மலர்கிறார். பிறகு கையை நீட்டி, எனக்குக் கொஞ்சம் கொடு என்கிறார். 14 மாதக் குழந்தை பெரும்பாலும் பிஸ்கட்டைக் கொடுத்தது. அதற்குப் பிடித்தது அதுதானே. 18 மாதக் குழந்தை? பிராக்கோலியைக் கொடுத்தது! எனக்குப் பிடிக்காதது இவருக்குப் பிடிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே அது புரிந்துகொண்டுவிட்டது. இடையில் இருப்பது நான்கே மாதம்.

ஒன்றரை வயதில் இவ்வளவு தெரிந்த பிள்ளை, நான்கு வயதில் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறதே, அது ஏன்? இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பையன் முன்னால் நிற்கிற பெண்ணைத் தள்ளிவிடுகிறான். தட்டு விழுகிறது, சோறு சிதறுகிறது, அவள் முழங்கை சிராய்த்துவிடுகிறது. அவள் ஓவென்று அழுகிறாள். டீச்சர் ஓடி வருகிறார்.

“ஏண்டா தள்ளுன? சாரி சொல்லு. சொல்லுடா!”

“சாரி.”

“சத்தமாச் சொல்லு!”

“சாரீ…”

“ம். போய் உக்காரு.”

முடிந்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிடத்தில் அந்தப் பையன் யார் முகத்தைப் பார்த்தான்? டீச்சர் முகத்தை. யார் கோபத்தை அளந்தான்? டீச்சர் கோபத்தை. எப்போது விட்டார்கள்? ‘சாரி’ என்று சொன்னதும் விட்டார்கள். அந்தப் பெண்ணின் முழங்கையை அவன் பார்க்கவே இல்லையே! அதைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லையே!

அதே டீச்சர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பையனையும் பக்கத்தில் கூப்பிட்டு, “இங்க வாப்பா, இவ கையைப் பாரு. தோலு உரிஞ்சிருக்கு. எரியுது அவளுக்கு. சோறும் கீழ கொட்டிப்போச்சு. பசியா இருக்கா. இப்ப நாம என்ன பண்ணலாம்?” என்று கேட்டிருந்தால்?

நான்கு வயதுப் பிள்ளைகள் என்ன பதில் சொல்லும் தெரியுமா? ‘ஊதி விடறேன்’ என்னும். ‘தண்ணி எடுத்தாரேன்’ என்னும். ‘என் தட்டுல இருந்து குடுக்கறேன்’ என்னும். சில நாள் ஒன்றும் சொல்லாமல் நிற்கும். அன்றைக்கு நாமே ஒரு வேலை கொடுக்கலாம்: “அந்தத் தட்டை எடுத்தா, ரெண்டு பேரும் கழுவலாம்.” கவனியுங்கள், இங்கே மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. முதலில் பார்வை, பிறகு காரணம், பிறகு கையால் செய்ய ஒரு காரியம். நான் இன்று சொல்ல வந்தது முழுக்க இந்த மூன்றுக்குள் இருக்கிறது. பார்க்க வையுங்கள். ஏன் என்று கேட்க வையுங்கள். ஏதாவது செய்ய வையுங்கள். ‘சாரி’ அதற்குப் பிறகு தானாக வந்தால் வரட்டும்.

வீட்டுக்கு வருவோம். பாட்டிமார்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. நடை பழகுகிற பேரன் தடுக்கி விழுகிறான். அழுகிறான். உடனே நாம் என்ன செய்கிறோம்? தரையை ஓங்கி ஓர் அடி! “எங்க கண்ணைத் தள்ளிவிட்டுச்சா இந்தத் தரை? இந்தா, அடிச்சிட்டேன் பாரு!” பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்கிறது. சில பிள்ளைகள் தாங்களும் கை ஓங்கித் தரையில் அடிக்கும். அன்பினால் செய்கிறோம், எனக்குத் தெரியும். ஆனால் வலித்தால் யாரையாவது அடிக்க வேண்டும் என்பதல்லவா அதன் வழியாக உள்ளே போகிறது? விழுந்த பிள்ளைக்குத் தேவை வலிக்கிற இடத்தை ஒருவர் தொட்டுப் பார்ப்பது. “முட்டில வலிக்குதா? பயந்துட்டியா?” இரண்டே கேள்வி போதும்.

இதே பாட்டிமார்களிடம் இதைவிட நல்ல ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. நம் தாலாட்டுகளை நினைத்துப் பாருங்கள். அழுகிற பிள்ளையிடம் யார் அடித்தது, ஏன் அழுகிறாய் என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போகிறாள் தாய். மாமனா, அத்தையா, பாட்டியா என்று கேட்கிறாள். வாயை மூடு என்று எந்தத் தாலாட்டும் சொல்லவில்லை. அழுகைக்கு ஒரு காரணம் இருக்கும், அதை நான் கேட்கிறேன் என்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்ன சமூகம் நாம். அப்புறம் எங்கிருந்து வந்தது ‘அழுதா பூச்சாண்டி வருவான்’, ‘அழுதா போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடுவேன்’? எங்கிருந்து வந்தது ‘ஆம்பளப் புள்ள அழலாமா?’ என்ற பேச்சு? தன் அழுகைக்கே இடம் இல்லாத பையன் அடுத்தவர் அழுகைக்கு எங்கே இடம் கொடுப்பான்? தன்னுடைய பயத்துக்கு ‘பயம்’ என்று பெயர் வைக்கக்கூட விடப்படாதவன், எதிரே நிற்கிறவளின் பயத்தை எந்தப் பெயரால் அறிவான்? தந்தையர்களே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன்.

காரணத்தைக் கேட்பது என்று சொன்னேன். இதில் நமக்கு ஒரு பெரிய ஆசான் இருக்கிறார். தொல்காப்பியர். மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே எழுதி வைத்தார். உள்ளத்தில் எழுவது உடம்பில் எப்படித் தோன்றுகிறது என்பது அதன் பொருள். சிரிப்பு, அழுகை, அச்சம், கோபம் என்று எட்டை எண்ணினார். எண்ணியதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு இடங்களும் சொன்னார். அழுகைக்கு அவர் சொல்கிற நான்கும் என்ன? பிறரால் இகழப்படுவது, உள்ளதை இழப்பது, இருந்த நிலையிலிருந்து பெயர்ந்து தாழ்வது, வறுமை.

இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு ஒரு பால்வாடிக்குள் போய்ப் பாருங்கள். ‘உன் மூக்கு ஒழுகுது, நீ பக்கத்துல உக்காராத’ என்று தள்ளி வைக்கப்பட்ட பிள்ளை ஒன்று அழும். பென்சிலைப் பறிகொடுத்த பிள்ளை ஒன்று அழும். போன மாதம் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ அப்பா அம்மாவோடு வந்து, பாஷை புரியாமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஒன்று அழும். காலையில் ஒரு டம்ளர் டீயோடு வந்த பிள்ளை ஒன்று அழும். நான்கு அழுகையும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். நான்குக்கும் ஒரே மருந்தா? பசித்த பிள்ளையிடம் பொம்மையை நீட்டினால் அழுகை நிற்குமா? ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பிஸ்கட் கொடுத்தால் தீருமா? கடையில் விற்கிற சார்ட்டில் மஞ்சள் நிறத்தில் நாலு வட்ட முகம் இருக்கிறது. சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோப முகம், பயந்த முகம். மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முகங்களுக்குக் காரணம் கிடையாது. காரணம் இல்லாத முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகுகிற பிள்ளை, பெயர் சொல்லத்தான் பழகும்.

இன்னொன்றும் உண்டு. திட்டும்போது சிரிக்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? ‘எவ்வளவு திமிர் பாரு’ என்று இன்னும் இரண்டு போடுவோம். அது பயத்தில் வருகிற சிரிப்பு. சார்ட்டை வைத்துப் படித்தால் அந்த முகம் மகிழ்ச்சி என்றுதான் வரும்!

அப்படியானால் எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? பேச்சை வைத்து. வீட்டுப் பேச்சை வைத்து. ஜூடி டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 50 குழந்தைகளை, 33 மாத வயதில், அவரவர் வீட்டிலேயே கவனித்தார்கள். எந்த வீட்டில் மனசைப் பற்றிய பேச்சு அதிகம், அதாவது யாருக்கு ஏன் கோபம், யாருக்கு ஏன் வருத்தம் என்ற பேச்சு அதிகம் என்று குறித்துக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்துச் சோதித்தார்கள். அப்படிப் பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் அடுத்தவர் உணர்வை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். செலவு ஏதாவது உண்டா இதில்? சோறு ஊட்டும்போது செய்யலாம். கையில் போனைக் கொடுத்துவிட்டு ஊட்டுகிற நேரத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். “அக்கா ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கா? டெஸ்ட்டுல மார்க் கொறஞ்சிடுச்சு, அதான்.” “அப்பா ஏன் பேசாம உக்காந்திருக்காரு? நைட் ஷிஃப்ட்டு முடிச்சு வந்திருக்காரு, அலுப்பு.” அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிற வீடுகளில், இரவு இரண்டு மணிக்கு மீன் சந்தைக்குக் கிளம்புகிற வீடுகளில், அலுப்பும் எரிச்சலும் இருக்கத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டாம். ‘அம்மாவுக்கு உன் மேல கோவம் இல்ல, தூக்கம் பத்தல’ என்று சொல்லிவிட்டால், பிள்ளை அந்த முகத்துக்குத் தானே காரணம் என்று நினைத்து உள்ளுக்குள் ஒடுங்காது.

இப்போது அங்கன்வாடிச் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. இதற்காகத்தான் முக்கியமாக வந்தேன்.

1996-ல் கனடாவின் டொரண்டோ நகரத்தில் மேரி கார்டன் என்ற கல்வியாளர் ஒரு காரியம் தொடங்கினார். ‘ரூட்ஸ் ஆஃப் எம்பதி’ என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்து வகுப்புக்குள் ஒரு கைக்குழந்தையை வரவழைத்தார்! தரையில் ஒரு பச்சைப் போர்வை. அதன் நடுவில் குழந்தை, கூடவே அதன் தாயோ தந்தையோ. சுற்றிலும் மாணவர்கள். குழந்தையின் சட்டையில் ‘ஆசிரியர்’ என்று எழுதியிருக்கும். அதே குழந்தை ஆண்டு முழுவதும் அவ்வப்போது வரும். ஏன் அழுகிறது? ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டது? புரண்டு படுக்க முடியாமல் போனபோது அதற்கு எப்படி இருந்திருக்கும்? பேச்சு வராத குழந்தையின் மனசைப் பிள்ளைகள் முகத்திலும் கையிலும் காலிலும் தேடுகிறார்கள். தேடத் தேட, தங்கள் வகுப்புத் தோழன் முகமும் புலப்படத் தொடங்குகிறது. இன்று பல நாடுகளில் அது நடக்கிறது.

அங்கே அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தைத் தேட வேண்டும், நாள் குறிக்க வேண்டும், பயிற்றுநர் வேண்டும். நமக்கு? 1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்களை நடத்துகிறது. ஒவ்வொரு மையத்திலும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். அதே மையத்துக்குத்தான் கைக்குழந்தைக்காரிகள் எடை பார்க்க வருகிறார்கள், சத்துமாவு வாங்க வருகிறார்கள், கர்ப்பிணிகள் வருகிறார்கள். டொரண்டோவில் தேடிப் பிடித்துக் கூட்டி வருகிற குழந்தை, நம் வாசலுக்குத் தானாக வருகிறது!

எடை பார்க்கிற நாளை நினைத்துப் பாருங்கள். துணித் தொட்டிலில் போட்டுத் தூக்கியதும் குழந்தை வீறிடுகிறது. டீச்சர் முள்ளைப் பார்க்கிறார், நோட்டில் குறிக்கிறார். அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கிற இருபது பிள்ளைகளும் எட்டி எட்டிப் பார்க்கின்றன. நாம் என்ன சொல்கிறோம்? “அங்க என்ன வேடிக்கை? திரும்பி உக்காருங்க!” சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிவிடுங்கள். திருப்பி உட்கார வைக்காதீர்கள். கூப்பிடுங்கள். “இங்க வாங்க, பாப்பா ஏன் அழுவுது, சொல்லுங்க பாக்கலாம்?” ஒருவன் ‘குளிருது’ என்பான். ஒருத்தி ‘அம்மா விட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கிச்சு’ என்பாள். ‘தொட்டில் ஆடுது, பயம்’ என்பான் இன்னொருவன். எல்லாம் சரியான பதில்தான். “நீ பயந்தப்ப உனக்கு என்ன பண்ணாங்க?” என்று அடுத்ததைக் கேளுங்கள். குழந்தையை இறக்கி அம்மா மடியில் போட்டதும், “இப்ப முகம் எப்படி மாறிச்சு?” என்று கேளுங்கள். அடுத்த மாதம் அதே பாப்பா வரும்போது, அது முன்னைவிடத் தலை நிமிர்த்துகிறதா என்று பிள்ளைகளே சொல்வார்கள். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் நம் கையில் இருக்கிறது. அந்தப் பாடலுக்கும் கதைக்கும் விளையாட்டுக்கும் நடுவே இந்தப் பத்து நிமிடம் தாராளமாகப் பொருந்தும்.

இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. கைக்குழந்தைக்கு மொழி கிடையாது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்த வடமாநிலத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ மையங்களில் உட்கார்ந்திருக்கின்றன. பாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. கதை நேரத்தில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பாப்பாவின் முகத்தைப் படிப்பதற்குத் தமிழ் வேண்டுமா, இந்தி வேண்டுமா? அந்த ஒரு பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தன் வீட்டில் தம்பி தங்கையைத் தூக்கி வளர்க்கிற அந்தப் பிள்ளை, அநேகமாக மற்றவர்களைவிட முன்னால் நிற்கும். அன்றைக்கு நம் பிள்ளைகள் அதை முதன்முறையாக மரியாதையோடு பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகளுக்கு முகம் பார்ப்பதே கடினமாக இருக்கும். கூப்பிட்டால் திரும்பாது, கண்ணைப் பார்க்காது. அதைக் கர்வம் என்றோ, வளர்ப்பு சரியில்லை என்றோ சொல்லிவிடாதீர்கள். 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. அந்தக் குழுவிடம் காட்டுங்கள். சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் உதவி கிடைக்கும்.

கடைசியாக, ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சொல்கிறேனே, பார்க்கிறவருக்கு நேரம் இருக்கிறதா? சமைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், எடை எடுக்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல் சத்துமாவு கொடுப்பதற்கு வாங்குகிறவரின் முகத்தையும் செயலியில் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். நெட் கிடைக்காவிட்டால் தாயும் குழந்தையும் வாசலில் நிற்க, பணியாளர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இருபது பிள்ளைகள். ஒரு மையத்துக்கு ஒரு டீச்சரும் ஓர் ஆயம்மாவும் இருந்தாலே சிரமம். ஒருவர் இல்லாத மையத்தில் என்ன நடக்கும்? 2025-ல் தமிழ்நாடு அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு கொடுத்தது. அதில் 3,592 உதவியாளர் பணியிடங்கள். அத்தனை மையங்களில் ஆயம்மா இல்லாமல் இருந்தது என்றல்லவா அதற்குப் பொருள்!

ஆகவே உங்கள் தெரு மையத்துக்குப் போய்க் கேளுங்கள். ஆயம்மா இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் வட்டாரத் திட்ட அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கைக்குழந்தையோடு எடை பார்க்கப் போகிற தாய்மார்களே, எடை எடுத்ததும் மாவுப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். கால் மணி நேரம் அந்தப் பாயில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருங்கள். குழந்தை அழுதால் உடனே எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். ஏன் அழுகிறது என்று சுற்றி இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டீச்சர் ஏதாவது கேட்டால் வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். அடுத்த எடை நாள் என்றைக்கு என்று வெளியே போகும்போதே உங்கள் மையத்து டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் எழுதி முன்வரிசைக்கு அனுப்புங்கள், இருந்து பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.